குரலுக்கும் ஒரு பட்டியல் அட்டை

நெய்வேலி நகரியத்தின் அகன்ற சாலைகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். மரங்களுக்கு வயதாகியிருக்கிறது, வீடுகளுக்கும் வயதாகியிருக்கிறது, ஆனால் அவ்வீடுகளின் வாசலில் அமர்ந்திருக்கும் மிக முதியவர்கள் சிலரே. காரணம் எளியது. அவை நிறுவனத்தின் குடியிருப்புகள். பணி நிறைவு பெற்றவர் வீட்டை ஒப்படைத்துவிட்டு வடலூருக்கோ, கடலூருக்கோ, தம் சொந்த ஊருக்கோ பெயர்ந்துவிடுகிறார். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் ஊரின் காற்றைச் சுவாசித்தவர் அவ்வூரைப் பற்றி நிதானமாகப் பேசத் தொடங்கும் வயதில் அவ்வூரில் இருப்பதில்லை.

இவர்களுக்கும் முன்னர் வேறு சிலர் இம்மண்ணைவிட்டுப் பெயர்ந்தார்கள். 1934-ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் பழுப்பு நிறப் பொருளொன்று வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை தென்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டு ஒத்துழைப்புடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இவ்வாண்டுகள் எல்லா நூல்களிலும் உள்ளன. இவ்வாண்டுகளில் முந்திரியும் பலாவும் மணிலாவும் விளைந்த நிலத்தையும் வீட்டையும் விட்டு வண்டி கட்டியவர்கள் அன்று மாலை என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த நூலிலும் இல்லை. வில்லுடையான்பட்டு என்னும் பெயர் முருகன் கோயிலோடு நின்று நிலைத்துவிட்டது. அந்த நற்பேறு எல்லாச் சிற்றூர்களுக்கும் வாய்க்கவில்லை.

வருபவர்களும் போகிறார்கள், இருந்தவர்களும் போய்விட்டார்கள் என்றால், ஓர் ஊரின் நினைவு எங்கே தங்கும்? நூலகத்தில் தங்கும் என்பதே நம் பழக்கமான விடை. ஆனால் எழுதப்படாத நினைவை நூலகம் எவ்வாறு தாங்கும் என்னும் வினாவை நம்முள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதில் தவறு முழுவதும் நம்முடையதே.

1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், அரங்குகளுக்கு வெளியே ஒரு மரத்தடியில் முதியவர் ஒருவரோடு பேச நேர்ந்தது. பெயரனுக்குப் புத்தகம் வாங்க வந்தவர். தாம் பிறந்த ஊர் இப்போது சுரங்கப் பள்ளத்தின் மேல் வெறும் காற்றாக இருக்கிறது என்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினார். இடையில், தம் தந்தையார் ஏற்றம் இறைக்கையில் சால் எண்ணிப் பாடிய முறையைப் பாடியே காட்டினார். எண்களுக்கிடையே அவர் மூச்சு வாங்கிய இடங்கள் கூட ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தன. கைப்பேசியில் பதிவு செய்தோம். மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். கோப்புக்குப் பெயரிடவில்லை, வேறோர் இடத்தில் படி எடுத்து வைக்கவில்லை, அவருடைய பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு கைப்பேசி பழுதானபோது அந்தக் குரலும் போயிற்று. அடுத்தடுத்த கண்காட்சிகளில் அம்மரத்தடியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அவரைக் காணவில்லை.

பதிவு செய்யும் கருவி நம்மிடம் இருந்தது. தமிழ் படித்திருந்தோம், நாட்டார் வழக்காற்றியல் குறித்து வகுப்பில் பேசியுமிருந்தோம். இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: நூலகரின் பழக்கம். கையில் வந்த எதையும் பெயரிட்டு, எண்ணிட்டு, இருக்குமிடம் குறித்து, கேட்பவர் கையில் திரும்பச் சேர்க்கும் பழக்கம். நூலகப் பணியாளர்களுக்கு ஒலிப்பதிவிலும் காணொளிப் பதிவிலும் பயிற்சி அளிக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று உலகெங்கும் எழுந்திருக்கிறது. அதனைப் பலர் நவீன விளம்பர உத்தி என்று எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அது நூலகத்தின் மிகப் பழைய கடமையின் தொடர்ச்சி என்பதற்குச் சான்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாட்காஸ்ட் என்பதை வலையொலி என்கிறோம். இணையத்தில் ஒலிக்கோப்பை ஏற்றிவைப்பது மட்டும் வலையொலி ஆகாது. இதழுக்குச் சந்தா கட்டியவர் வீட்டுக்கு அடுத்த இதழ் தானே வந்து சேர்வது போல, புதிய பதிவு வெளிவந்தவுடன் கேட்பவரின் கருவிக்குத் தானே வந்து சேரும் ஓடை அதற்கு வேண்டும். 2004 பிப்ரவரியில் பிரித்தானிய இதழாளர் பென் ஹேமர்ஸ்லி கார்டியன் நாளிதழில் இச்சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். ஆக, சொல்லுக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருக்கிறது. ஆனால் எழுத்தைக் கடந்து ஒலியாகவும் ஒளியாகவும் அறிவைக் கொண்டு சேர்க்க நூலகப் பணியாளரைப் பழக்கும் முயற்சி இந்தியாவிலேயே நூறாண்டுகளைக் கடந்தது.

பரோடா சமஸ்தானத்தை ஆண்ட மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், 1910-இல் அமெரிக்க நூலகர் வில்லியம் ஆலன்சன் போர்டனை வரவழைத்தார். போர்டன் 1911-இல் அங்கு நூலகப் பணியாளர்களுக்கான வகுப்பைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் நூலகப் பயிற்சி என்று அதனைச் சொல்வர். அதே பரோடா நூலகத் துறையில் காட்சி வழிக் கல்விக்கென்று ஒரு கிளை அமைந்தது. ஊர் ஊராகப் புத்தகப் பெட்டிகள் சென்றதோடு, படவிளக்குகளும், இரட்டைப்படக் காட்டிகளும், திரைப்படச் சுருள்களும் சென்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நூலகத்தில் என்ன வேலை என்னும் வினாவுக்குப் பரோடா அளித்த விடை அது. பயிற்சி வகுப்பும் படவிளக்கும் ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியமை தற்செயல் அன்று என்றே கருதுகிறோம். கருவியை இயக்க ஆள் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

ஒலியின் கதையும் அதே காலத்ததுதான். ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வோடு தொடர்புடையதாக, 1913 முதல் 1929 வரையிலான ஆண்டுகளில் பல மாகாணங்களில் பேச்சு மொழிகள் இசைத்தட்டுகளில் பதிவாயின. விவிலியத்தின் கெட்ட குமாரன் உவமையை ஒவ்வொரு மொழியிலும் ஒருவரைச் சொல்லச் செய்தனர்; உடன் ஓர் உள்ளூர்க் கதையையோ பாட்டையோ பதிந்தனர். கிரியர்சனின் அச்சுத் தொகுதிகளுக்குள் முழுமையாக வராத சென்னை மாகாணத்து மொழிகளும் இசைத்தட்டில் ஏறின. நாம் வியப்பது அந்தப் பொறியைக் கண்டன்று. ஒவ்வொரு தட்டோடும் எந்த மொழி, எந்த வட்டாரம், யார் பேசியது, என்ன பேசியது என்னும் குறிப்பும் பாடமும் சேர்த்தே வைக்கப்பட்டன. அதனால்தான் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் அக்குரல்களை நாம் இணையம் வழியே கேட்க முடிகிறது. குறிப்பு இல்லாதிருந்தால் அவை வெறும் கீறல் விழுந்த தட்டுகளாகவே இருந்திருக்கும். நம் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் நாணம் மிகுகிறது.

இனிச் சோழநாட்டுக்கு வருவோம். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகப் பணி என்பது அலமாரிக்குக் காவல் இருப்பது என்று கருதப்பட்ட காலம் அது. இலண்டன் சென்று பயின்று திரும்பிய அரங்கநாதனின் முயற்சியால் 1928-இல் சென்னை நூலகச் சங்கம் அமைந்தது. மறு ஆண்டே, 1929-இல், அச்சங்கம் நூலகப் பணியாளர்களுக்கான கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. பின்னர்ப் பல்கலைக்கழகம் அதனை ஏற்று நடத்தியது. அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தது 1931-இல். ஆண்டு வரிசையைச் சற்று நின்று பாருங்கள். விதிகள் நூலாவதற்கு முன்பே பயிற்சி வந்துவிட்டது.

அவ்வைந்து விதிகளுள் நம் பொருளுக்கு நெருக்கமானவை இரண்டு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. கண்பார்வை இழந்தவரும், எழுத்தறியாதவரும், நெடுநேரம் அமர்ந்து படிக்க இயலாத முதியவரும் வாசகரே என்றால், அவருக்குரிய நூல் ஒலியாகத்தான் இருக்க முடியும். வளர்வது உயிரி என்றால், அது அலமாரிகளின் எண்ணிக்கையில் மட்டும் வளர வேண்டும் என்று யார் சொன்னார்? 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் பணி நிறைவு பெற்ற பொறியாளர் அமைத்த மாட்டுவண்டி நூலகத்தை அரங்கநாதன் தொடங்கி வைத்தார். வாசகர் நூலகத்துக்கு வர இயலாதபோது நூலகம் வாசகரிடம் செல்ல வேண்டும் என்பதே அவ்வண்டியின் பொருள். இன்று ஒருவர் பேருந்தில் நின்றுகொண்டே காதில் கேட்கும் வலையொலி, மாடுகள் பூட்டப்படாத மன்னார்குடி வண்டிதான்.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வழி மறக்கப்படவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக, 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. 1951-இல் யுனெஸ்கோவின் துணையோடு தில்லிப் பொது நூலகம் திறக்கப்பட்டபோது, அதன் சமூகக் கல்விப் பிரிவு திரைப்படக் காட்சி, விரிவுரை, கலந்துரையாடல், நாடகம் ஆகியவற்றை நூல் வழங்குவதோடு சேர்த்தே நடத்தியது. பின்னர் 1994-இல் யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் வெளியிட்ட பொது நூலகப் பிரகடனம், வாய்மொழி மரபுக்குத் துணை நிற்பதையும் பொது நூலகத்தின் பணிகளுள் ஒன்றாக அறிவித்தது. 2022-இல் புதுக்கப்பட்ட பிரகடனமும் உள்ளூர் அறிவையும் மரபையும், வாய்மொழி மரபு உட்படக் காத்து, பயன்பாட்டுக்குத் தருவதை வலியுறுத்துகிறது.

இவற்றுக்கிடையே ஓர் எச்சரிக்கையும் வரலாற்றில் உண்டு. 1948-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். உலகின் முன்னோடித் திட்டம் அது. ஆயினும் அதன் தொடக்க ஆண்டுகளில் பேச்சைத் தட்டெழுதி முடித்தவுடன் ஒலிநாடாவை அழித்து அடுத்த பதிவுக்குப் பயன்படுத்துவது வழக்கமாயிருந்தது. நாடா விலை உயர்ந்தது. எழுத்தே ஆவணம் என்னும் எண்ணமும் வலுவாயிருந்தது. சொன்னது தங்கியது; சொன்ன விதம் போயிற்று. தயக்கம், சிரிப்பு, நெடிய மௌனம், வட்டார உச்சரிப்பு யாவும் நாடாவோடு அழிந்தன.

தமிழில் நமக்கும் இந்த இழப்பு தெரியும். நா. வானமாமலை நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் தேடித் தொகுத்தார். கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, மாணவர்களைக் கொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். நெய்வேலிக்கு அருகிலேயே, விருத்தாசலம் வட்டாரத்தைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தனியொருவராகத் தொகுத்தளித்தார். இவர்களின் உழைப்புக்கு ஈடில்லை. ஆயினும் அகராதியில் ஒரு சொல்லைக் காணும்போது, அச்சொல்லை வயலில் நின்று கூப்பிட்ட குரல் எத்தகையது என்று அறிய நமக்கு வழியில்லை. அப்பணியை ஒரு தனி மனிதரிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. நாள்தோறும் திறந்திருக்கும் ஓர் இடம், ஊர் மக்கள் தயக்கமின்றி நுழையும் ஓர் இடம், அதற்கு வேண்டும். அத்தகைய இடம் தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு. மாவட்ட மைய நூலகம் தொடங்கி, கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் வரை அது பரந்திருக்கிறது.

நூலகரையே பதிவாளராகப் பயிற்றிய முயற்சி ஒன்றை அமெரிக்காவில் காண்கிறோம். 2003-இல் நியூயார்க் தொடர்வண்டி நிலையத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறையோடு ஸ்டோரிகார்ப்ஸ் என்னும் அமைப்பு தோன்றியது. புகழ்பெற்றவர்களை அது தேடவில்லை. தாயும் மகளும், நண்பரும் நண்பரும் எதிரெதிரே அமர்ந்து பேசிய உரையாடல்களைப் பதிந்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வாழ்வியல் மையத்தில் வைப்பித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அவ்வமைப்பும் அமெரிக்க நூலகச் சங்கமும் இணைந்து, பொது நூலகங்கள் சிலவற்றுக்குக் கருவிகளோடு பயிற்சியும் அளித்தன. நூலகப் பணியாளரே தம் ஊர்க் கதைகளைப் பதிவு செய்யக் கற்றனர்.

அதைவிட நம் நெஞ்சுக்கு நெருக்கமானது ஈழத்து நூலகம் நிறுவனத்தின் வரலாறு. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது இல்லாததற்குச் சமம் என்பதை அந்தத் தீ ஒரு சமூகத்துக்கு உணர்த்திற்று. 2005-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் முதலில் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கியது. பின்னர் அங்கேயே நிற்கவில்லை. வாய்மொழி வரலாறுகள், ஒலிப்பதிவுகள், காணொளிகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றுக்கென ஆவணகம் என்னும் பல்லூடகத் தளத்தையும் அமைத்தது. நூலை இழந்தவர்கள் குரலையும் காக்க முனைந்தார்கள் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இவ்வளவையும் அறிந்தபின், ஒரு நூலகப் பணியாளருக்கு உண்மையில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று பார்ப்போம். கருவிகளைப் பற்றியே பேசிப் பயிற்சியை முடித்துவிடும் ஆபத்து உண்டு. ஆனால் கருவிப் பயிற்சி ஒரு நாளில் முடியும். மின்விசிறியை நிறுத்துவது, ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் சற்றே பக்கவாட்டில் வைப்பது, பேச்சு தொடங்குமுன் அறையின் அமைதியை அரை நிமிடம் பதிவது, காணொளியாயின் சன்னல் வெளிச்சம் பேசுபவரின் முதுகில் விழாமல் முகத்தில் விழுமாறு அமர்த்துவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுப்பார். ஒலி மங்கினால் எழுந்து போய்விடுவார். ஒலிக்கோப்பை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

அதற்கு மேற்பட்டவை யாவும் நூலகவியல். பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். நூலின் தலைப்புப் பக்கம் போன்றது அது. கோப்பின் பெயர் மாறினாலும் குரலுக்குள் முகவரி இருக்கும். மூலப் பதிவைச் சுருக்காமல் வேவ் வடிவில் வைக்க வேண்டும். ஒற்றைத் தடத்தில், குறுந்தகட்டின் தரத்தில், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 318 மெகாபைட் இடம் கொள்ளும். மக்களுக்கு வழங்கும் படியை நொடிக்கு 64 கிலோபிட் வீதத்தில் எம்.பி.3 ஆகச் சுருக்கினால் 29 மெகாபைட்டில் அடங்கும். நொடிக்கு 8 மெகாபிட் வீதக் காணொளியோ ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட் கேட்கும். ஆகவே எதனைக் காணொளியாகப் பதிவது என்பதில் தேர்வு வேண்டும். கூத்துக் கலைஞரின் அடவுக்கும், பாய் முடைபவரின் விரலுக்கும் படம் தேவை. நினைவைச் சொல்பவருக்குப் பெரும்பாலும் குரல் போதும். படக்கருவி இல்லாதபோது பலர் மனம் திறந்தும் பேசுகிறார்கள்.

மூலத்துக்கு மூன்று படிகள். இரு வேறு வகைச் சேமிப்புக் கருவிகள். ஒரு படி வேறோர் ஊரில். யாழ்ப்பாணம் கற்பித்த விதி இது. அதன் பின்னர்ப் பட்டியல் அட்டை. 1995-இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் கூடிய நூலகரும் கணினி வல்லுநரும் வகுக்கத் தொடங்கிய டப்ளின் கோர் முறை, தலைப்பு, படைப்பாளர், பொருள், நாள், மொழி, உரிமை முதலான பதினைந்து கூறுகளைக் கொண்டது. மர இழுப்பறைகளில் அட்டைகளை அடுக்கிப் பழகிய நம் நூலகருக்கு இதில் புதியது சிறிதே. எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்னும் சிறு பொருளடக்கத்தையும் சேர்த்துவிட்டால் நான்காம் விதியும் நிறைவேறும். வாசகரின் காலம் மிச்சமாகும்.

உரிமை பற்றியும் கற்பிக்க வேண்டும். ஆர்வ மிகுதியால் பலர் இடறும் இடம் இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணனின் கதையை உரியவர் இசைவின்றி 2081 முடியும் வரை வலையொலியில் படிக்க இயலாது. அதே வேளையில் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் பெருவெளி நம் முன் திறந்து கிடக்கிறது. படித்து ஒலியாக்க விரும்பும் நூலகர் அங்கிருந்து தொடங்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க வடிவில் நூலை மாற்றித் தருவதற்கு 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. பாடுபவருக்கும் சொற்பொழிவாற்றுபவருக்கும் நிகழ்த்துவோர் உரிமை உண்டு. சட்டத்தைவிட மேலானதொன்றும் உண்டு. நிலம் இழந்த கதையைச் சொல்பவர் மறுநாள், அதை வெளியிட வேண்டாம் என்று சொன்னால், கேள்வியின்றி அதற்கு இணங்குவதே நூலகரின் அறம்.

இதற்கு மறுப்பும் நாம் அறிந்ததே. இருக்கும் பணிகளுக்கே ஆள் போதாத நூலகத்தில் இந்தச் சுமையையும் ஏற்றுவதா என்பர். நியாயமான கேள்வி. வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி வெளியிட வேண்டும் என்னும் வானொலிக் கணக்கை நூலகத்தின்மேல் சுமத்தினால் முயற்சி மூன்று மாதத்தில் களைத்துவிடும். மாதம் ஒரு குரல் போதும். ஆண்டுக்குப் பன்னிரண்டு; பத்தாண்டில் நூற்றிருபது. வாசகர் வட்டமும், அருகிலுள்ள கல்லூரியின் தமிழ்த்துறை மாணவர்களும் துணை நிற்கலாம். யூடியூபில் இல்லாததா என்று கேட்பாரும் உண்டு. அங்கே எல்லாம் இருக்கிறது. ஆனால் எது, யாருடையது, எந்த ஊரினது, நாளையும் இருக்குமா என்னும் பொறுப்பை அங்கே யாரும் ஏற்பதில்லை. அந்தப் பொறுப்புக்குப் பெயர்தான் நூலகம்.

நெய்வேலிக்குத் திரும்புவோம். 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இன்று எண்பதைக் கடந்திருப்பார்கள். உருசியப் பொறியாளர்களோடு எந்த மொழியில் பேசி வேலை கற்றோம் என்று அவர்களால் சொல்ல முடியும். நெல்லையிலிருந்தும் கொங்கிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து ஒரே வட்டத்தில் குடியேறிய பெண்கள், அடுத்த வீட்டுத் தமிழை எவ்வாறு பழகினார்கள் என்று சொல்ல முடியும். இராட்சதச் சக்கர வாளிகள் மண்ணை அள்ளும் ஓசை இரவில் எவ்வளவு தூரம் கேட்டது என்று சுற்றியுள்ள சிற்றூர்க்காரர்கள் சொல்ல முடியும். நிலம் கொடுத்தவர்கள் தாம் கொடுத்ததையும் பெற்றதையும் பெறாததையும் தம் சொற்களிலேயே சொல்ல முடியும். வேறெவரும் அவர்களுக்காக அதைச் சொல்லிவிட முடியாது. பழுப்பு நிலக்கரி உருவாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின, அது காத்திருந்தது. இந்தக் குரல்களால் காத்திருக்க முடியாது.

நகரியத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நூலகப் பணியில் இருப்போர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், பயிற்சி வரும்வரை காத்திராமல், அடுத்த வாரம் நாளிதழ் படிக்க வரும் முதியவர் ஒருவரிடம் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பதிவு பிறகு ஆகட்டும்.

நாமும் ஓர் அட்டை எழுதியிருக்கிறோம். பொருள்: ஏற்றப்பாட்டு, இடம்பெயர்ந்த ஊர் பற்றிய நினைவுகள். இடம்: நெய்வேலி, புத்தகக் கண்காட்சி, மரத்தடி. மொழி: தமிழ், நடுநாட்டு வழக்கு. கால அளவு: ஏறத்தாழ ஒரு மணி நேரம். பேசியவர்: பெயர் கேட்கப்படவில்லை. இருப்பிடம் என்னும் கட்டம் வெறுமையாக இருக்கிறது.